மறுப்பைக் கேட்டெழுதிய நற்செய்தியாளர்: சீகன்பால்கும் தமிழர் மடல்களும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நற்செய்தியை ஏற்றுக்கொண்டோரின் வரலாற்றையே எழுதியுள்ளனர். வேதநாயக சாத்திரியாரின் பாடற்பணியும் கிருட்டினபிள்ளையின் மனமாற்றமும் நம் பாடநூல்களில் உரிய இடத்தைப் பெற்றுள்ளன. அதே நற்செய்தியைக் கேட்டு, எண்ணிப் பார்த்து, வேண்டா என்று விலகிய தமிழர் என்ன சொல்லி விலகினர் என்பதை அவ்வரலாறுகளில் காண்பது அரிது. சொல்ல நேர்ந்தாலும், மறுப்பு தொண்டரின் பொறுமைக்கு வந்த ஒரு சோதனையாக மட்டுமே காட்டப்படும். மறுத்தவருக்கு அங்கே பெயரில்லை, வாயுமில்லை.

தம்மை ஏற்காத ஊரைவிட்டு நீங்கும்போது காலில் படிந்த தூசியை உதறிவிட்டுப் போகுமாறு இயேசு தம் சீடரைப் பணித்ததை மத்தேயு நற்செய்தி கூறுகிறது. தரங்கம்பாடிக்கு வந்த முதல் சீர்திருத்தச் சபைத் தொண்டரான பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682-1719) தூசியை உதறவில்லை. ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்டு ஓலை அனுப்பினார். வந்த விடைகளை மொழிபெயர்த்துத் தம்மை அனுப்பியவர்களுக்கே விடுத்தார். நற்செய்திக்கு உண்மையாயிருத்தல் என்பது மறுத்தவரின் சொல்லுக்கும் உண்மையாயிருத்தலை உள்ளடக்கியது என்ற நோக்கில் அவருடைய எழுத்துகளை இக்கட்டுரையில் மதிப்பிட முனைகிறோம். அவ்வுண்மையைச் செருமன் மொழியில் எழுதியபோது அவர் காத்தார் என்பதும், தமிழில் எழுதியபோது காக்கவில்லை என்பதும் நம் கருத்து.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணையை ஏற்று, சீகன்பால்கும் ஐன்றிச்சு புளுட்சோவும் 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். சிறுவரோடு சிறுவராக மணலில் விரலால் எழுத்துப் பழகிய செய்தி பலரும் அறிந்ததே. இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கக் குறிப்புடன் ஒரு பட்டியலை அவர் ஆக்கினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமனில் பெயர்த்ததும் அதே ஆண்டில்தான். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1711இல் முடிவுற்றது. அச்சேறி நிறைவுற்றது 1715இல். கடவுளைக் குறிக்கத் தத்துவபோதகர் வழிவந்த கத்தோலிக்க எழுத்துகளில் வழங்கிய சருவேசுரன் என்னும் சொல்லையே அவரும் கையாண்டார். சபைப் பிணக்கைச் சொல்லிலும் காட்ட வேண்டும் என்று அவர் எண்ணாதது நன்று. அந்தப் பிணக்கு அவரை விடவில்லை என்பது வேறு செய்தி. வீரமாமுனிவர் 1728இல் எழுதிய வேத விளக்கம் தரங்கம்பாடியாரை மறுக்க எழுந்த நூலே.

முதல் மறுப்பு தமிழரிடமிருந்து வரவில்லை, கோட்டையிலிருந்து வந்தது. டேனிசு வணிகக் குழுமத்தின் ஆளுநராயிருந்த ஆசியுசு இத்தொண்டரைத் தொடக்கம் முதலே விரும்பவில்லை. கடன் வழக்கொன்றில் ஏழைக் கைம்பெண் ஒருவருக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசியபோது அப்பகை முற்றியது. 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை நான்கு திங்கள் அவர் டான்சுபர்க்குக் கோட்டையில் சிறைப்பட்டிருந்தார். கிறித்தவ மன்னர் அனுப்பிய போதகரைக் கிறித்தவ ஆளுநரே சிறையிலிட்ட இக்காட்சியை ஊரார் கண்டிருப்பர். பின்னர் வரும் மடல்களைப் படிக்கும்போது இதனை நாம் மறத்தலாகாது.

மற்றொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். குழுமத்தின் துபாசியாயிருந்த அழகப்பன் போர்த்துகீசியம், டேனிசு, இடச்சு, செருமன் ஆகிய மொழிகளில் பழக்கம் உடையவர். சீகன்பால்குக்குத் தமிழின் வாயிலைத் திறந்துவிட்டவருள் முதன்மையானவர் அவரே. தமிழர் சமயம் பற்றிய ஐயங்களை அவரிடமே அவர் கேட்டுத் தெளிந்தார். இப்பணியின் பொருட்டு அழகப்பன் பட்ட இன்னல் சிறிதன்று. தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தஞ்சை அரசின் எல்லையில் சிறையும் பட்டார். அத்துணைக்குப் பின்னும் திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். எனினும் அப்பணிக்காலத்தில் அவர் திருமுழுக்குப் பெறவில்லை. நற்செய்தி தமிழாவதற்குத் துணைநின்ற ஒருவர் அந்நற்செய்தியை ஏற்காதிருந்தார்; ஏற்காதவரைத் தொண்டர் விலக்கவுமில்லை. நற்செய்திப் பணி வரலாறுகள் இவ்வுறவைத் துணையாசிரியர் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஏற்பு, மறுப்பு என்னும் இரண்டு பெட்டிகளுள் எதிலும் அடங்காத உறவு அது.

மடல்களுக்கு வருவோம். 1712 முதல் 1714 வரை, சீகன்பால்கும் 1709இல் வந்து சேர்ந்த கிரண்ட்லரும் தமிழறிந்தோர் பலருக்கு வினாக்களை எழுதி விடை வேண்டினர். கடவுள், பிறவி, வினை, கல்வி, மருத்துவம், மணம், உணவு எனப் பலவும் வினவப்பட்டன. அவற்றுள் ஒன்று, கிறித்தவ வேதத்தைத் தமிழர் ஏற்காமைக்குக் காரணம் யாது என்பது. வந்த விடைகளுள் 99 மடல்கள் செருமனில் பெயர்க்கப்பட்டு, ஆலே நகரில் வெளியான பணியறிக்கைத் தொடரில் 1714இலும் 1717இலும் இரு தொகுதிகளாக அச்சாயின. எழுதியோர் பெயர் தரப்படவில்லை. தமிழ் மூலம் நமக்குக் கிட்டவில்லை.

ஏற்காமைக்குக் கூறப்படும் காரணங்களைத் தொகுத்துரைக்கும் மடல் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. கிறித்தவர் பசுவைக் கொன்று உண்கின்றனர், மலங்கழித்தபின் நீரால் தூய்மை செய்வதில்லை, கடுங்குடி குடிக்கின்றனர், ஒருவர் இறந்தால் அவருடைய உயிர் நற்கதி அடைதற்குரிய கடன்களைச் செய்வதில்லை, திருமணத்தில் போதிய மகிழ்ச்சிச் சடங்குகளும் இல்லை. இவை அம்மடலின் சாரம். சருவேசுரன் ஒருவனா மூவனா, மனிதராய்ப் பிறந்து இறந்த ஒருவர் கடவுளாதல் கூடுமா, முற்பிறவி உண்டா என்ற வாதங்களை எதிர்பார்க்கும் இன்றைய வாசகருக்கு இப்பட்டியல் ஏமாற்றம் தரக்கூடும். அறியாத மக்களின் மேலோட்டமான காரணங்கள் என்று இதனைத் தள்ளிவிடவும் கூடும்.

அவ்வாறு தள்ளுவது தவறு. அம்மடலை எழுதியவர் ஒரு சமயத்தை அதன் கொள்கையைக் கொண்டு அளக்கவில்லை. அதனை மேற்கொண்டோரின் ஒழுக்கத்தைக் கொண்டு அளக்கிறார். ஒழுக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த நூலைக் கற்ற சமுதாயத்தில் இது இயல்பான அளவுகோலே. ஒழுக்கம் என்பது அங்கே அறநெறியோடு நின்றுவிடுவதன்று. உண்பது, கழிப்பது, மணப்பது, இறந்தாரை வழியனுப்புவது ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். தொண்டரின் நோக்கில் இவை நற்செய்திக்குப் புறம்பானவை. உள்ளத்தில் நம்பிக்கை தோன்றினால் போதும். கேட்டவரின் நோக்கிலோ, இறந்த தந்தைக்குக் கடன் செய்யாத நெறி உள்ளத்தை மட்டும் எவ்வாறு திருத்தும் என்ற ஐயம் எழும். அந்த ஐயம் மேலோட்டமானதன்று. இறந்தோர் கடனைப் பற்றிய ஒரு வரியில் உயிர், வினை, கதி, உறவின் பொறுப்பு ஆகிய அனைத்தைப் பற்றிய கொள்கையும் தங்கியிருக்கிறது. மடலாசிரியர் அதனைக் கொள்கையாக விரித்துரைக்கவில்லை. விரித்துரைக்கும் தேவையும் அவருக்கு இல்லை.

பட்டியலின் மற்றொரு பகுதி கோட்டையை நோக்கியது. குடியும் தூய்மையின்மையும் யாரைக் கண்டு சொல்லப்பட்டன? பைபிளைக் கண்டன்று, டான்சுபர்க்கின் படைவீரரையும் வணிகரையும் கண்டு. நற்செய்திக்குத் தமிழர் படித்த முதல் உரை அவர்களுடைய வாழ்க்கையே. சீகன்பால்கைச் சிறையிலிட்டோரும் தமிழரை நற்செய்தியிலிருந்து விலக்கியோரும் ஒரே கூட்டத்தார் என்பதை இங்கே உணர்கிறோம். கிறித்தவரின் நடத்தையே நற்செய்திக்குப் பெருந்தடை என்று சீகன்பால்கும் எழுதினார். ஆயினும் அவர் எழுதியது முறையீடு; மடல் எழுதியவர் சொன்னது தீர்ப்பு.

அச்சிட்ட வடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மடல்களுடன் தொண்டரின் விளக்கங்களும் மறுப்புரைகளும் குறிப்புகளாகச் சேர்க்கப்பட்டன. மடல் மேலே நிற்கிறது. மறுப்புரை அதன்பின் வருகிறது. ஐரோப்பிய வாசகர் முதலில் தமிழரின் பேச்சை முழுமையாகக் கேட்ட பிறகே தொண்டரின் விடைக்கு வர வேண்டும். சமய வாத நூல்களில் இம்முறை அரிது. நம் மரபிலும் பிறர் மதத்தைத் தன் சொல்லால் எடுத்துரைத்து உடனே மறுக்கும் பரபக்க முறையே வழக்கம். சிவஞான சித்தியாரின் பரபக்கம் நாமறிந்த சான்று. அங்கே எதிரியின் வாதத்தைப் பாடுபவரும் மறுப்பவரே. இங்கே எதிரி தன் பேச்சைத் தானே பேசுகிறார். மொழிபெயர்ப்பின் திரைக்கு அப்பாலிருந்து என்ற வரையறையோடு.

அந்த வரையறை சிறியதன்று. மடல்களைத் தனி நூலாக 1998இல் செருமனியில் பதிப்பித்த குர்ட்டு லீபௌ, அவற்றுட் பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனே என்ற கருத்தை முன்வைத்தார். இக்கருத்து சரியாயின், 99 மடல்களும் தமிழ்ச் சமுதாயத்தின் பல குரல்கள் என்று கொள்வது பொருந்தாது. தொண்டரின் ஊதியம் பெற்றவர், தொண்டர் எதனை விரும்புவார் என்று அறிந்தவர், அவருக்கு எழுதியவை ஆகிவிடும். இவ்வையத்தை எளிதில் ஒதுக்க இயலாது. எனினும் அது மடல்களின் மதிப்பைக் குறைப்பதாக நாம் கருதவில்லை. ஊதியம் பெற்றவர் தம் தலைவரை மகிழ்விக்க எண்ணியிருந்தால், மலங்கழித்தபின் நீர் கொள்ளாதவர் என்று எழுதியிருப்பாரா? எழுதியவர் அழகப்பன் ஒருவரே ஆயினும், மறுப்பு மறுப்பாகவே வந்திருக்கிறது. பல ஆண்டுகள் உடனிருந்து, பைபிளைச் சொல் சொல்லாக அறிந்த ஒருவர் எழுதியது என்றால் அதன் எடை கூடவும் செய்யும்.

மொழிபெயர்ப்பு பற்றிய எச்சரிக்கை இதனினும் முதன்மையானது. 1717இல் இலண்டனில் வெளியான பிலிப்சின் ஆங்கில வடிவம் செருமன் நூலினின்றும் பெயர்க்கப்பட்டது, மூலத்துக்கு நெருங்கியதுமன்று. அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து மீண்டும் தமிழாக்கி, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் கூறியது என்று மேற்கோள் குறியிட்டுக் காட்டும் வழக்கம் தகாது. தமிழிலிருந்து செருமன், செருமனிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என மூன்று முறை கடந்து வந்த சொல்லில் கருத்து எஞ்சலாம், நடை எஞ்சாது. மலபாரிகள் என்று செருமனில் நிற்கும் இடத்தில் தமிழர் என்று இருந்ததா, எங்கள் சாதியார் என்று இருந்ததா, யாம் என்று மட்டும் இருந்ததா என்பதை எவ்வாறு துணிவது? உரைநடை வரலாற்றில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736-1761) வகிக்கும் இடத்தை நாம் அறிவோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முற்பட்ட, கற்றோர் எழுதிய தமிழ் உரைநடை மடல்கள் மூலத்தோடு கிட்டியிருப்பின் அவ்வரலாற்றின் ஓர் இயலே மாறியிருக்கும்.

இனி அவர் தமிழில் எழுதியதை நோக்குவோம். ஆலேயில் வார்த்தெடுத்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தவுடன், 1713இல், தரங்கம்பாடி அச்சகத்தின் முதல் வெளியீடுகளுள் ஒன்றாக அக்கியானம் என்னும் சிறு நூல் வெளிவந்தது. மடல்கள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டு அது. அக்கியானம் இன்னது, அது உலகில் பரவியது இவ்வாறு, அதிலிருப்போரின் நிலை இத்தகையது, அதனின்று மீளும் வழி இது என்று நூல் செல்கிறது. அதனை விட்டு வருவோர் இவ்வுலகில் படவேண்டிய துன்பத்தையும் அது மறைக்கவில்லை. ஏற்போருக்கு வரவிருக்கும் இழப்பை முன்கூட்டியே சொல்லும் இந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் தலைப்புச் சொல்லே இடறுகிறது. அஞ்ஞானம் என்பதன் வழக்குத் திரிபான அக்கியானம், இந்நூலில் கிறித்தவமல்லாத வழிபாட்டைக் குறிக்கும் பெயர். குறிப்பிட்ட மக்களிடம் உள்ளது. வேறு மக்களிடம் இல்லாதது. இந்நூலைக் கையில் வாங்கிய சைவர் ஒருவர் அச்சொல்லை எவ்வாறு புரிந்துகொண்டிருப்பார்? சைவ சித்தாந்தத்தில் அறியாமைக்குக் காரணம் ஆணவ மலம். சகலர், பிரளயாகலர், விஞ்ஞானகலர் ஆகிய மூவகை உயிர்க்கும் அது உண்டு. செம்பில் களிம்புபோல் உயிரோடு தொன்மையே உடனிருப்பது அது; டேனியரையும் தமிழரையும் பிரித்துப் பாராதது. அத்தகையவரிடம், நீ அக்கியானத்தில் இருக்கிறாய், நான் இல்லை என்று ஒருவர் சொன்னால், அப்படிச் சொல்வதே ஆணவத்தின் அடையாளம் என்று அவர் கருத இடமுண்டு. நற்செய்தியின் அடிப்படைக் கூற்றும் உண்மையில் இதற்குத் தொலைவில் இல்லை. மாந்தர் அனைவரும் பாவத்துக்கு உட்பட்டவர் என்பதன்றோ பவுலடியார் உரோமருக்கு எழுதியது? அந்தக் கூற்றுக்கும் சைவரின் மலக் கொள்கைக்கும் இடையே உண்மையான உரையாடல் ஒன்று தொடங்கியிருக்கலாம். அக்கியானம் என்னும் தலைப்பு அதற்கு வாயிலை அடைத்தது.

சிலை வழிபாட்டைக் கண்டிக்கும் பகுதிகளின் நிலையும் இதுவே. சீகன்பால்கு சிவவாக்கியத்தை விரும்பிப் படித்தவர்; 1711இல் தமிழர் சமயம் பற்றி எழுதிய செருமன் நூலில் அதனைப் பலமுறை எடுத்தாண்டவர். கல்லை வணங்குதலைத் தமிழரே தமிழில் எள்ளியிருக்கின்றனர் என்பது அவருக்கு நன்கு தெரியும். ஆகவே கண்டனம் புதிய செய்தியாகக் கேட்டவர் செவியில் விழுந்திராது. சித்தர் சொன்னபோது உள்வீட்டுச் சண்டை. அயலார் சொன்னபோது அவமதிப்பு. இவ்வேறுபாட்டை அவர் செருமன் வாசகருக்கு விளக்கும் அளவுக்கு அறிந்திருந்தார். தமிழ் வாசகருக்கு எழுதும்போது அந்த அறிவைப் பயன்கொள்ளவில்லை.

இவ்விரட்டைத் தன்மைக்குக் காரணம் அவருடைய மனப்போக்கு மட்டுமன்று. படிப்போர் யார் என்பதும் காரணம். ஐரோப்பியர் தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்று எண்ணினர். வருமுன் தாமும் அவ்வாறே எண்ணியதாகவும், அவர்தம் நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் நீங்கியதாகவும் அவர் வெளிப்படையாக எழுதினார். அங்கே தமிழரை உயர்த்திக் காட்ட வேண்டியிருந்தது. இங்கே தமிழரை மனமாற்ற வேண்டியிருந்தது. ஆகவே தமிழரின் சிறப்பைத் தமிழரல்லாதார் படித்தனர். தமிழரின் குறையைத் தமிழர் படித்தனர். அவரைத் தமிழ்த் தொண்டர் என்று போற்றி நூற்றாண்டு மலர் வெளியிடுவோரும், சமயப் பகைவர் என்று இகழ்வோரும் ஆளுக்கொரு பாதியையே படித்துவிட்டுப் பேசுகின்றனர் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் காத்த உண்மைக்கு அவரை அனுப்பியவர்களிடமும் வரவேற்பில்லை. தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறையை ஆராய்ந்து 1713இல் அவர் முடித்த பெருநூல் ஆலேக்கு அனுப்பப்பட்டது. அதிலும் தமிழரின் சொற்கள் நிறைய உள்ளன. அங்கே பொறுப்பிலிருந்த ஆகசுடு எர்மன் பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. தொண்டர் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை வேரறுக்கவேயன்றி, அதன் பிதற்றலை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்பது அவர் தந்த விடையின் பொருள். கேட்டறிந்து எழுதுதலையும் நற்செய்திப் பணியின் ஒரு கூறாகச் சீகன்பால்கு கொண்டார். அவருடைய ஆசான்மார் கொள்ளவில்லை. கையெழுத்துப்படி நெடுங்காலம் ஆலேயில் கிடந்தது. சென்னையில் 1867இல் கெர்மன் அதனைச் செருமனிலேயே பதிப்பித்தார். சீகன்பால்கு அதற்குள் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1719 பிப்ரவரி 23இல் அவர் உயிர் நீத்தபோது வயது 36. பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் ரூத்து வரையே வந்திருந்தது.

தரங்கம்பாடி அச்சகம் 1713க்குப் பின் ஓயாமல் இயங்கியது. ஆலே எழுத்துகள் பெரியனவாயிருந்து தாளை மிகுதியாக உண்டதால் சிறிய எழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் எழுந்தது. புதிய ஏற்பாடும் ஞானப்பாடல்களும் துண்டு வெளியீடுகளும் அங்கே தமிழில் அச்சாயின. ஏன் மறுக்கிறோம் என்று தமிழர் தமிழில் எழுதித் தந்த மடல்கள் ஆலேயில் செருமனாகவும் இலண்டனில் ஆங்கிலமாகவும் அச்சேறின. அவற்றுள் ஒன்றேனும் அவற்றை எழுதியவரின் ஊரில், அவர்தம் மொழியில், அந்த அச்சகத்தில் ஏறவில்லை.